மெக்வயர்ஸ் அல்டிமேட் காம்பவுண்ட்: கறுப்புக் காரில் போட்டுப் பார்த்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சரக்கு நல்ல சரக்கு. வீட்டு பார்க்கிங்கில் வைத்துத் தானே பாலிஷ் போடுகிற ஆளுக்கு இதைவிடப் பயமில்லாத காம்பவுண்ட் (பெயிண்டின் கீறலைத் தேய்த்து எடுக்கும் க்ரீம்) எனக்குத் தெரிந்து இல்லை. 450 மில்லி பாட்டில், விலை ஆயிரத்துக்கு மேல், கொஞ்சம் வலிக்கும்தான். ஆனால் இதை வாங்குபவர்கள் பாதிப் பேர் கூடவே இரண்டு ஷீட் வாட்டர் பேப்பரும் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வாங்குகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

என்னுடையது 2015 மாடல் ஐ20, கறுப்பு. கறுப்பு வாங்கியவன் படும் பாடு கறுப்பு வாங்கியவனுக்குத்தான் தெரியும். அபார்ட்மெண்டில் காலையில் கார் துடைக்க வருபவருக்கு ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, அதை வைத்தே ஒரு வரிசைக் கார்களையும் முடித்தாக வேண்டும். நாம் மாதம் கொடுக்கிற காசுக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் துணியில் ஒட்டியிருக்கும் மண்தான் கிளியர் கோட்டில், அதாவது கலருக்கு மேலே இருக்கும் நிறமில்லாத படலத்தில், கோடு போடுகிறது. நிழலில் ஒன்றும் தெரியாது, வெயிலில் பானெட்டைக் குனிந்து பார்த்தால் சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். இதோடு போர் தண்ணீர் காய்ந்து விட்ட உப்புப் புள்ளிகள், கூரை மேல் காக்கா எச்சம் அரித்த தடம், டிரைவர் பக்கக் கதவில் யாரோ பையின் ஜிப்பால் உரசிவிட்டுப் போன ஒரு நீளக் கோடு. சென்னையில் வெளியில் நிற்கும் கார் எதுவும் ஏறக்குறைய இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

காம்பவுண்ட் போடுவதைப் பூசுகிற வேலை என்று நினைக்காதீர்கள், அது சுரண்டுகிற வேலை. கம்பெனி பெயிண்டில் ப்ரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும், அதில் கிளியர் மட்டும் என்றால் 40, 50 மைக்ரான், நம் தலைமுடியைவிடச் சன்னம். வெயிலின் புற ஊதாக் கதிர் கலரை வெளுக்காமல் தடுப்பதும் அந்தப் படலம்தான். கீறலின் ஆழத்துக்கு அக்கம்பக்கத்தையும் மழித்துச் சமன் செய்வதைத்தான் கீறலை எடுத்தோம் என்று சொல்கிறோம். மழித்தது திரும்ப வளராது. அந்தக் காலத்து அம்பாசடரிலும் பத்மினியிலும் பாலிஷ் போட்டால் துணியில் காரின் கலர் வரும், யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள், அதில் மேலே தனியாகக் கிளியர் கிடையாது. கிளியர் கோட் உள்ள காரில் துணியில் கலர் வந்தால் அடுத்து பெயிண்டரிடம் போக வேண்டியதுதான்.

சரி, காம்பவுண்டுக்கு வருவோம். காரை நன்றாகக் கழுவி, களிமண் கட்டி மாதிரி விற்கிறார்களே அந்த கிளே பாரால் ஒட்டியிருக்கும் தாரையும் தூசியையும் எடுத்துவிட்டு, ஓரத்து கறுப்பு பிளாஸ்டிக்குகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி (ஒட்டாவிட்டால் காம்பவுண்ட் அதில் ஏறி வெள்ளையாகக் காய்ந்து உயிரை எடுக்கும்), டி.ஏ. மெஷினில் (பேட் சுழன்றுகொண்டே அசைந்தும் ஓடும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷின்) ஃபோம் பேடைப் போட்டு ஆரம்பித்தேன். பேடில் நாலைந்து சொட்டு, இரண்டடிக்கு இரண்டடி இடம், மெதுவாக முதலில் குறுக்கே, அப்புறம் நெடுக்கே. இந்தக் காம்பவுண்டின் அழகு என்னவென்றால் சீக்கிரம் காய்வதில்லை. பட்டறைகளில் போடும் சில மலிவு ரப்பிங் காம்பவுண்ட் போல மாவாகப் பறந்து கண்ணாடி இடுக்கில் எல்லாம் போய் உட்காருவதும் இல்லை, மைக்ரோஃபைபர் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடுகிறது. அதற்காக வெயிலில் சுட்ட பானெட்டில் போடக்கூடாது, எந்தக் காம்பவுண்டும் அதில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம், நிழல், கை வைத்தால் சுடாத தகடு, அப்போதுதான்.

பானெட்டில் ஒரு பாதியை மட்டும் செய்துவிட்டு நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். செய்யாத பக்கத்தில் வெளிச்சம் சிதறிக் கலங்கித் தெரிகிறது, செய்த பக்கத்தில் டார்ச்சின் பல்பு ஒரே புள்ளியாக நிற்கிறது. இதை உடனே நம்பிவிடக் கூடாது. பாலிஷ் வகைகளில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும், இரண்டு தடவை கழுவினால் கீறல் திரும்பி வந்துவிடும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்தால் எண்ணெய் போய்விடும், அதற்கப்புறமும் தெரியாவிட்டால்தான் கீறல் நிஜமாகவே போயிருக்கிறது. இதில் பெரும்பாலும் போயிருந்தது. காக்கா எச்சத் தடம் மங்கியது, முழுக்கப் போகவில்லை. அதைத் துரத்திக்கொண்டு போனால் கிளியர் தீர்ந்துவிடும், விட்டுவிட்டேன். கறுப்பு என்பதால் காம்பவுண்டுக்கு அப்புறம் மெல்லிய பாலிஷ் ஒரு சுற்று அவசியம், நான் அதே கம்பெனியின் அல்டிமேட் பாலிஷைப் போட்டேன். வெள்ளை, சில்வர் கார்க்காரர்கள் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை.

இப்போது வாட்டர் பேப்பர். கதவில் இருந்த ஜிப் கோட்டுக்கு மட்டும்தான் எடுத்தேன். நகத்தைக் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்த்தால் தட்டவில்லை, ஆனால் காம்பவுண்டுக்கும் மசியவில்லை, இந்த இடைப்பட்ட ரகம்தான் பேப்பருக்கு உரியது. நகம் நன்றாகத் தட்டினால் கீறல் கிளியரைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம், அங்கே தேய்த்துப் பயனில்லை. 3000 நம்பர் பேப்பரை (நம்பர் ஏற ஏற நைசு) ஷாம்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் ஊறவைத்து, மெத்தென்ற ரப்பர் கட்டையில் சுற்றி, ஒரே திசையில், பாரமே கொடுக்காமல். விரலில் வைத்துத் தேய்த்தால் விரல் அழுத்தும் இடம் மட்டும் பள்ளமாகும். வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பால் மாதிரி வெள்ளையாக வந்தால் கிளியர்தான் போகிறது என்று அர்த்தம். கறுப்பு துளி தெரிந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். கதவின் விளிம்பு, நடுவில் ஓடும் மடிப்புக் கோடு பக்கமே போகக்கூடாது, பெயிண்ட் அங்கேதான் ரொம்பச் சன்னம். தேய்த்த இடம் மங்கிப்போய் வயிற்றைக் கலக்கும், அது அப்படித்தான். துடைத்துவிட்டுக் காம்பவுண்டைப் போட்டால் உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சென்று திரும்பி வருகிறது. 3000 பேப்பரின் தடத்தை அல்டிமேட் காம்பவுண்ட் சிரமமில்லாமல் எடுத்துவிட்டது, இதற்காகவே தனியாக ஒரு மதிப்பெண் போடலாம்.

இதற்கு முன் ஒரு டீட்டெய்லிங் கடையில் விசாரித்திருந்தேன். காரை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு, "ஃபுல்லா 2000 பேப்பர் போட்டு ரப்பிங் பண்ணி கோட்டிங் அடிச்சிரலாம் சார், கண்ணாடி மாதிரி ஆகிடும்" என்றார். பெயிண்ட் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளக்கும் மீட்டர் இருக்கிறதா என்று கேட்டேன், கையை வைத்தாலே தெரிந்துவிடும் என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். மைக்ரான் கணக்கு கைக்குத் தெரியாது. மீட்டர் இருந்தாலும் அது மொத்தப் பெயிண்டின் தடிமனைத்தான் காட்டும், சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலையே செய்யாது. அது கூட இல்லாமல் கார் முழுக்கப் பேப்பர் போடுகிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். ரோட்டரி மெஷினை (பேட் அசையாமல் ஒரே அச்சில் சுற்றுவது) மட்டும் வைத்து வேலையை முடிக்கிறார்களா என்றும் பாருங்கள், கை பழகாதவர் ஓட்டினால் வெயிலில் பட்டை பட்டையாக மெஷின் தடம் தெரியும்.

கடைசியாக வேக்ஸ். வேக்ஸில் போடும் கார்னௌபா என்பது பிரேசிலின் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு, 80 டிகிரி தாண்டித்தான் உருகும், ஆனாலும் நம் ஊர் வெயில், மழைக்குச் சில வாரங்கள் தாக்குப்பிடித்தாலே பெரிது. கீறலை எடுக்காது, தண்ணீர் தேங்காமல் உருண்டோட வைக்கும், கறுப்புக்கு ஒரு ஆழம் கொடுக்கும். மெல்லிசாகத் தடவினால் போதும், தடியாகத் தடவினால் துடைப்பதற்குள் தோள்பட்டை போய்விடும். நீடித்து நிற்க வேண்டும் என்றால் சிந்தெடிக் சீலண்ட் (மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைப் பூச்சு) இன்னும் நல்லது. கார் டெலிவரியின்போது தலையில் கட்டப் பார்ப்பார்களே டெஃப்லான் கோட்டிங், அதை விட்டுவிடுங்கள். டெஃப்லான் உருகவே 327 டிகிரி வேண்டும், ஸ்பாஞ்சில் தடவி அது தோசைக்கல்லில் போல பெயிண்டில் ஒட்டப் போவதில்லை.

ஒரு ஹேட்ச்பேக் முழுக்கச் செய்தும் காம்பவுண்ட் மிச்சமிருக்கிறது, பாட்டில் தாராளம்தான். இன்னொரு பாட்டிலுக்குப் போகும் காசில் கூடுதலாக ஃபோம் பேட் வாங்கி வையுங்கள், பேட் காம்பவுண்டில் ஊறிப்போனால் கீறல் எடுப்பது நின்றுவிடும். மெஷின் இல்லாமல் கையால் செய்யப் போகிறீர்கள் என்றால் கைப்பிடிக் குழி, சின்னச் சின்ன உரசல் இவற்றுக்கு வாங்கலாம், முழுக் காருக்கு வேண்டாம். 5-க்கு 4.