‘ட்வெண்டி’ உச்சரிப்பு சரியா வரணும்னு ஒரு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ண ஆப்பு, சைட்டு பத்தி

நான் ராயபுரம், பக்கத்துலயே ஹார்பர் சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலை முடிச்சுக் குடுக்கற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல டாக்குமெண்ட் வேலை, நாள் பூரா போன்ல ட்வெண்டி ஃபுட்டர் ஃபார்ட்டி ஃபுட்டர்னு (20 அடி, 40 அடி கண்டெய்னர்) பேசிட்டு கண்டெய்னர் நம்பர் 4 எழுத்து 7 இலக்கம் ஒன்னொன்னா படிச்சுக் காட்டணும். டிரெய்லர் ஓட்ற அண்ணங்களுக்கு நாம எப்படிச் சொன்னாலும் புரியும். வெளிநாட்டு ஏஜென்ட் லைன்ல வந்தாதான் “சாரி, கம் அகெய்ன்?”னு ஆரம்பிக்கும்.

மொதல்ல காசு கட்ற ஆப் ஒன்னு, பேர் வேணாம். மைக்ல சொன்னா பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் காட்டி மார்க் போடும், மொத வாரம் ஜாலியாதான் இருந்துச்சு, அப்புறம் பாத்தா ஃபேன் ஓடுனா ஒரு மார்க், தெருவுல ஹாரன் அடிச்சா ஒரு மார்க். ட்வெண்டிக்கு மட்டும் விடாம சிவப்பு, ஏன் சிவப்புன்னு ஒரு வார்த்தை கிடையாது. பேஜாரு.

உருப்படியா உதவுனது ஓசியில கெடைக்கறதுதான். கேம்ப்ரிட்ஜ் டிக்ஷனரி சைட்ல யூகே, யூஎஸ்னு ரெண்டு ஸ்பீக்கர் பட்டன் இருக்கும், அத ஒரு வாட்டி கேட்டுட்டு போன் வாய்ஸ் ரெக்கார்டர்ல நாம சொல்லி ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க. அப்பதான் மேட்டரே பிடிபட்டுச்சு, டிக்ஷனரில சொல்ற ட வேற நாம சொல்ற ட வேற. தமிழ்ல வட்டியில வர்ற ட கெட்டியா இருக்கும், வண்டியில வர்றது மெலிஞ்சுடும். மெல்லினத்துக்குப் பின்னாடி வல்லினம் வந்தா நம்ம வாய் தானா மெலிச்சிடும், தங்கம், பந்து, பம்பரம் எல்லாமே அப்படித்தான், அதே பழக்கத்துல இங்கிலீஷ் வார்த்தையையும் சொல்றோம், அதான் கவுண்டர், கண்டெய்னர், ட்வெண்டி. அங்கிள்னு கூப்ட்டா வெளிநாட்டுக்காரன் காதுல கோணம்ங்கற ‘ஆங்கிள்’ மாதிரி கேக்குது, சிம்பிள்னா அடையாளம்ங்கற ‘சிம்பல்’ மாதிரி கேக்குது. இத அந்த ஆப் ஒரு வரில சொல்லியிருந்தா காசுக்கு அர்த்தம் இருந்திருக்கும்.

எனக்கு செட் ஆனது இதான், “ட்வென்”ல ஒரு நொடி நிறுத்திட்டு வட்டியில வர்ற “ட்டி”ய போடறது, ஆனா நாக்க மடிக்காம, மேல்பல்லுக்குப் பின்னாடி இருக்கற மேட்டுல தட்டணும். ‘ட்வெ’ சொல்றப்ப பல்லு உதட்டுல படக்கூடாது, விசில் அடிக்கற மாதிரி உதட்ட குவிக்கணும். மெதுவா சொன்னா சீக்கிரமே வந்துடுச்சு, பேச்சோட பேச்சா வர்றதுக்குதான் மாசக்கணக்காச்சு. ஆபீஸ்ல “இன்னாபா, தொர மாதிரி பேசற”ன்னு கலாய்ச்சாங்க, கலாய்க்கட்டும்.

யூகிளிஷ் சைட்டும் நல்லாருக்கு, வார்த்தைய அடிச்சா யூட்யூப் வீடியோல அத யாராவது பேசற இடமா தேடிப் போடும். யூஎஸ் வச்சா நெறைய பேரு ட-வையே முழுங்கிட்டு “ட்வெனி”ன்னு போறாங்க, அதுவும் அங்க சரிதான், ஆனா கத்துக்கறப்ப குழப்பும், அதனால நான் யூகே-ல வச்சுட்டேன். கூகுள்ல ஸ்லோ பட்டனும் வாய் அசையற படமும் வரும், புது வார்த்தைக்கு அது போதும்.

இசட் சத்தம் மட்டும் இன்னும் வரல. ஸ சொல்லிட்டே தொண்டைய அதிர விடணுமாம், தனியா சொன்னா வருது, ஆனா காசிமேடு பக்கம் ஹார்பர் கேட்டையே ஊரே ‘ஜீரோ கேட்’டுனு சொல்றப்ப நான் மட்டும் எங்க மாத்தறது.

போன்ல இப்ப திருப்பிக் கேக்கறது நல்லாவே கொறஞ்சிருக்கு. காசு ஆப் ட்ரையல் போடறவங்க அன்னிக்கே யுபிஐ ஆட்டோபேவ கேன்சல் பண்ணிடுங்க, ஆப்ப டெலீட் பண்ணா மட்டும் காசு போறது நிக்காது.