எல்இடி இண்டிகேட்டருக்கு ரெசிஸ்டரா, பிளாஷரா?

பெங்களூரு அல்சூர் மார்க்கெட் சந்தில் ஒரு ஆட்டோ உரசியதில் என் பழைய 150 சிசி வண்டியின் பின் இண்டிகேட்டர் உடைந்தது. ஒன்றை மட்டும் ஏன் மாற்ற வேண்டும், நான்கையும் எல்இடியாகப் போட்டுவிடலாம் என்று ஜேசி ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் ‘பிளக் அண்ட் பிளே சார்’ என்றார். வீட்டில் வந்து மாட்டினேன். பிளக் ஆனது, பிளேதான் ஆகவில்லை.

இடது பக்கம் சுவிட்சைத் தள்ளினால் நான்கு விளக்கும் சேர்ந்து அடித்தன, அதுவும் படபடவென்று. மீட்டரில் இருக்கும் அம்பு மட்டும் மங்கலாக மினுக்கியது. பார்க்கிங்கில் நின்ற அக்கா மகன், “எதுக்கு மாமா ஹசார்ட் போட்டிருக்கே?” என்றான். என் வண்டியில் ஹசார்ட் சுவிட்சே கிடையாது.

மறுநாள் யோசனை கேட்கப் போனால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர், “பிளாஷர் பேட சார், ரெசிஸ்டர் ஹாக்கிதரெ சாக்கு” என்று கன்னடத்தில் முடித்துவிட்டார்; கூடுதல் கரண்டை இழுத்துச் சூடாக்கும் ரெசிஸ்டர் போட்டாலே போதும், இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷரை மாற்ற வேண்டாம் என்கிறார். நாலு கடை தள்ளி இன்னொருவர் ரெசிஸ்டர் என்ற பேச்சையே எடுக்காதீர்கள், பிளாஷரை மாற்றுங்கள் என்றார். ஸ்ரீராமபுரத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் தம்பியோ, “பழைய பல்பையே போட்டுக்குங்கண்ணா, எதுக்கு வம்பு” என்றான். இரண்டு வாரத்தில் மூன்று வழியையும் கிட்டத்தட்ட முயன்று பார்த்துவிட்டேன்.

முதலில் காரணம். நம் ஊர் வண்டிகள் பலவற்றில் இண்டிகேட்டர் பல்பு 12 வோல்ட், 10 வாட். ஒரு பக்கம் முன்னும் பின்னும் சேர்த்து 20 வாட், அதாவது 1.7 ஆம்பியர் போல. எல்இடி ஒன்று ஓரிரு வாட்தான் இழுக்கும். எலக்ட்ரானிக் பிளாஷருக்கு கரண்ட் குறைந்தால் ‘ஒரு பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது’ என்று கணக்கு. ஓட்டுபவருக்குச் சொல்வதற்காக வேகமாக அடிக்கும். அது பழுதே இல்லை, அதன் வேலையைத்தான் செய்கிறது. இன்னும் பழைய வண்டிகளில் இருக்கும், உள்ளே தகடு சூடாகி வளைகிற பிளாஷர் இதற்கு நேர் எதிர். எல்இடி இழுக்கும் கரண்டில் தகடு சூடே ஆகாது. விளக்கு எரிந்தபடியே நிற்கும், இல்லாவிட்டால் ஆடி அசைந்து அடிக்கும். ஆகவே வேகமா, அசையாமல் எரிகிறதா என்று பார்த்தாலே உள்ளே எந்த வகை பிளாஷர் என்று பாதி தெரிந்துவிடும்.

ரெசிஸ்டரைத்தான் முதலில் போட்டேன். கையில் கிடைத்தது அதுதான், வண்டியின் பிளாஷரைத் தொடவும் வேண்டாம். எஸ்பி ரோட்டில் தங்க நிறத்தில் அலுமினிய உறை போட்ட 6.8 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் இரண்டு வாங்கினேன். பலர் தவறுவது இங்கேதான். விளக்குக்கு ஒன்று என்று நான்கு போடுவார்கள். முன், பின் விளக்குகள் ஒரே வயரில் இணைந்திருப்பதால் பக்கத்துக்கு ஒன்று போதும். 10 வாட் பல்பு வண்டியில் 6.8 ஓமை நான்காகப் போட்டால் பக்கத்துக்கு 40 வாட்டுக்கு மேல் இழுக்கும். 20 வாட்டுக்காகச் செய்த பிளாஷர் எத்தனை நாள் தாங்கும்? இன்னொரு தவறு, விளக்குக்குப் போகும் வயரை வெட்டி நடுவில் ரெசிஸ்டரைக் கோர்ப்பது. அப்படிச் செய்தால் கரண்ட் இன்னும் குறையும், பிரச்சினை அப்படியே இருக்கும். ஒரு முனை இண்டிகேட்டர் வயரில், மறுமுனை எர்த்தில், அதாவது பேட்டரி மைனஸில், இருக்க வேண்டும்.

போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. வேகம் இறங்கியது, இடது தள்ளினால் இடது மட்டும் அடித்தது. கன்னடக்காரர் சொன்னதே சரி என்று அவருக்கு மனதுக்குள் ஒரு சலாம் போட்டேன். சலாம் மூன்று நாள்தான் தாங்கியது. சில்க் போர்டு பக்கம் ஒரு நாள் வண்டியை ஓரம் கட்டி, இண்டிகேட்டரைப் போட்டபடியே பத்து நிமிடம் போன் பேசினேன். சீட்டுக்கு அடியிலிருந்து வாடை. பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்த்தால் ரெசிஸ்டர் சாய்ந்திருந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்பு வட்டம், மூடி லேசாக வளைந்திருந்தது. தொட்டுப் பார்த்த ஆள்காட்டி விரல் இரண்டு நாள் எரிந்தது. தப்பு என்னுடையதுதான். வண்டி ஓடும்போது வோல்டேஜ் 14 வரை போகும். அப்போது அந்த ரெசிஸ்டர் 28 வாட்டுக்கு மேல் உண்ணும். அணைந்து அணைந்து எரிவதால் சராசரி பாதிதான் என்றாலும் 14 வாட் சூடு எங்கேயாவது போயாக வேண்டும். இரும்பு ஃபிரேமில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும், நான் டேப் சுற்றி விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் உறுத்தியது. பேட்டரிக்கு மிச்சம் என்று எல்இடி மாட்டி, அந்த மிச்சத்தை ரெசிஸ்டரில் எரித்துச் சூடாக்குவது என்ன கணக்கு? பழைய புல்லட்டில் இண்டிகேட்டர் அடிக்கும்போது ஆம்ப் மீட்டர் முள் கூடவே ஆடுமே, ரெசிஸ்டர் போட்ட வண்டியில் முள் இருந்திருந்தால் அது பழையபடியே ஆடியிருக்கும்.

சரி, அப்புறம் பிளாஷர். எல்இடிக்கென்றே விற்கும் பிளாஷர் லோடைப் பார்க்காது. அரை வாட்டோ இருபது வாட்டோ, ஒரே தாளம். மாட்டுவது ஐந்து நிமிட வேலை, பழையதைக் கப்ளரிலிருந்து பிடுங்கிப் புதியதைச் செருக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பின்னைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு பின் என்றால் பி, எல்: பேட்டரியிலிருந்து வருவது, விளக்குக்குப் போவது. மூன்று பின் என்றால் கூடவே இ, எர்த். இரண்டு பின் கப்ளர் இருக்கும் வண்டிக்கு மூன்று பின் வாங்கினால் எர்த் வயர் ஒன்றைத் தனியாக இழுக்க வேண்டும். பின்கள் நிற்கும் வரிசையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேலே பொறித்திருக்கும் எழுத்தைப் பார்க்காமல் செருகக்கூடாது. பி-யும் இ-யும் இடம் மாறினால் புது பிளாஷர் அங்கேயே போய்விடக்கூடும்.

ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு பிளாஷரைப் போட்டேன். வேகம் அழகாக வந்தது. ஆனால் நான்கு விளக்கும் மறுபடி சேர்ந்து அடிக்க ஆரம்பித்தன!

ஒரு மணி நேரம் டெஸ்டர் விளக்கோடு உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது, எனக்கு இருந்தது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. மீட்டரில் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே அம்பு விளக்கு இருக்கும் வண்டிகளில் அந்தக் குட்டி பல்பு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவில் நிற்கிறது. இடது போட்டால் கரண்ட் இடது வயரிலிருந்து அம்பு பல்பு வழியாக வலது பக்கம் போய், அங்கே இருக்கும் பல்பு இழை வழியாக எர்த்துக்கு இறங்கும். அந்தச் சொற்பக் கரண்டில் 10 வாட் பல்பு எரியாது. எல்இடி எரிந்துவிடும். ரெசிஸ்டர் இருந்தவரை அந்தச் சொற்பம் அதன் வழியே எர்த்துக்கு ஓடிவிட்டது. அதனால்தான் இரண்டு நோயும் ஒரே மாத்திரையில் தீர்ந்தது போலத் தெரிந்தது. பிளாஷரால் வேகத்தை மட்டும்தான் சரிசெய்ய முடியும்.

இதற்கு மருந்து டயோட், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் குட்டி உறுப்பு. 1என்4007 என்ற ரகத்தில் இரண்டு, எஸ்பி ரோட்டில் ஒன்று ஓரிரு ரூபாய்தான். அம்பு பல்புக்கு வரும் இரண்டு வயரையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு டயோட். வெள்ளிக் கோடு இருக்கும் முனைகள் இரண்டையும் சேர்த்து பல்பின் ஒரு காலுக்கு, பல்பின் மறு காலை எர்த்துக்கு. இனி எந்தப் பக்கம் போட்டாலும் அம்பு எரியும், கரண்ட் எதிர்ப் பக்கத்துக்குத் தாண்டாது. ஹெட்லைட்டைக் கழற்றி, மீட்டர் வயரைத் தேடி, ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு முடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. டேப் மட்டும் சுற்றியிருந்தால் செப்டம்பர் மழைக்கு நிற்காது. மீட்டரில் இரு பக்கத்துக்கும் தனித்தனி அம்பு இருக்கும் வண்டிக்காரர்களுக்கு இந்த வேலையே இல்லை.

பல்புக்கே திரும்புவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தம்பி சொன்னதில் ஒரு நியாயம் மட்டும் உண்டு. பல்பு வண்டியில் ஒரு விளக்கு போனால் பிளாஷர் படபடத்துச் சொல்லிவிடும். ரெசிஸ்டரோ எல்இடி பிளாஷரோ போட்டுவிட்டால் அந்த எச்சரிக்கை போச்சு. பின் விளக்கு செத்திருப்பதை, அவுட்டர் ரிங் ரோட்டில் பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை நான்கையும் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.

எந்த வழி எடுத்தாலும் வயர் நிறத்தில் கவனம். பல்புக்கு ப்ளஸ் மைனஸ் கிடையாது, எல்இடி தலைகீழாகக் கொடுத்தால் எரியாது. ஹோண்டாவில் பச்சை எர்த், ஆரஞ்சு இடது, வெளிர்நீலம் வலது. யமஹாவில் கருப்பு எர்த், அடர்பச்சை வலது. பச்சை என்றால் எர்த் என்று ஹோண்டாவில் பழகிய கை யமஹாவில் நேராக வலது இண்டிகேட்டரையே எர்த்தில் கொடுத்துவிடும். ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பிளாஷரைச் சந்தேகிக்கும் முன் அந்த விளக்கின் எர்த்தைப் பாருங்கள். பெயின்ட் அடித்த இடத்தில் போல்ட் உட்கார்ந்து, எர்த் கிடைக்காமல் இருக்கும்.

என் வண்டியில் இப்போது எல்இடி பிளாஷரும் இரண்டு டயோடும்தான். எல்இடி மாட்டிய மனைவியின் ஸ்கூட்டர் வேறு கதை. அதில் தனி பிளாஷர் கிடையாது, அந்த வேலையும் மீட்டருக்குள்ளேயே நடக்கிறது, பிடுங்கி மாற்ற ஒன்றுமில்லை. அங்கே ரெசிஸ்டரே வழி. எஸ்பி ரோட்டில் வாங்கிய அதே இரண்டையும் இந்த முறை ஃபிரேமில் போல்ட் போட்டு இறுக்கினேன், பக்கத்தில் ஒரு வயரோ பிளாஸ்டிக்கோ இல்லாமல். மோட்டார் வாகன விதிப்படி இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில் நிமிடத்துக்கு 60-லிருந்து 120 முறைக்குள் அடிக்க வேண்டும். ராத்திரி பார்க்கிங் சுவரில் வெளிச்சம் விழும்படி இரண்டு வண்டியையும் நிறுத்தி, அக்கா மகன் போனில் அரை நிமிடம் ஓடவிட்டு எண்ணினான். என்னுடையது 42, ஸ்கூட்டர் 40.