கலவையில் பதிந்த கோடுகள்: 12 ஆண்டு டைல்ஸ் அனுபவம்

2013-ஆம் ஆண்டு தை மாதத்தில் திருச்சியில் நாங்கள் கட்டிய வீட்டுக்குக் குடிவந்தோம். கூடத்திலும் படுக்கையறைகளிலும் கண்ணாடிபோல் இறுகச் சுட்ட இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைடு டைல்ஸ், குளியலறைத் தரையில் வழுக்காத செராமிக், குளியலறைச் சுவரிலும் சமையல் மேடைக்கு மேலும் பளபளப்பான செராமிக் என்று பதித்திருந்தோம். 12 ஆண்டுகளுக்கு மேலாக இவற்றின் மீது நடந்து, துடைத்து, இரண்டு இடங்களில் பெயர்த்தும் பார்த்துவிட்டோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த நிறமும் வேலைப்பாடும் இன்றுவரை ஒரு தொல்லையும் தரவில்லை. மேஸ்திரியிடம் பத்து நிமிடம்கூடப் பேசாமல் விட்ட அடிக்கலவையும் கற்களுக்கு இடையிலான இணைப்பும்தான் எல்லாத் தொல்லைகளையும் தந்தன.

கடைகளில் எல்லாவற்றையும் டைல்ஸ் என்ற ஒரே பெயரில் காட்டினாலும், கல் எவ்வளவு நீரை உறிஞ்சும் என்பதைத்தான் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டும். விட்ரிஃபைடு கல் தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாது. சுவருக்கான செராமிக் கல் பொதுவாக 10 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சும். கல்லைக் கவிழ்த்து முதுகில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டால் வேறுபாடு கண்ணெதிரே தெரிந்துவிடும். செராமிக்கின் முதுகில் தண்ணீர் உடனே இறங்கி அந்த இடம் கறுத்துவிடும். விட்ரிஃபைடில் சொட்டு சொட்டாக அப்படியே நிற்கும். இதை நாங்கள் அறிந்துதான் வாங்கினோம். ஆனால் உறிஞ்சும் தன்மை மாறினால் பதிக்கும் முறையும் மாற வேண்டும் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

மேஸ்திரி கூடத்துத் தரையில் வழக்கம்போல மணல் கலவை விரித்து, மேலே நீரில் கரைத்த சிமெண்ட் பால் ஊற்றி, ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி ரசமட்டம் பார்த்துப் பதித்தார். கற்களுக்கு நடுவே சீரான இடைவெளி விட உதவும் ஸ்பேசர் வைக்கலாமா என்று கேட்டதற்கு, "இடைவெளி விட்டா அழுக்கு சேரும் சார், ஒட்டிப் போட்டாதான் ஒரே கல்லு மாதிரி இருக்கும்" என்றார். பார்ப்பதற்கு அப்படித்தான் இருந்தது. நான்காம் ஆண்டு மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை, கூடத்தில் தேங்காய் விழுந்து உடைந்ததுபோல் சத்தம் கேட்டு எழுந்து வந்தோம். நடுவில் இரண்டு வரிசைக் கற்கள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளிக்கொண்டு கூடாரம்போல் எழும்பி நின்றன. அவற்றில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தபோது கண்டதை இன்றும் மறக்கவில்லை: கல்லின் முதுகிலிருந்த கோடுகள் கீழே காய்ந்த சிமெண்டில் அச்சு வார்த்தாற்போல் பதிந்திருந்தன, கல்லின் முதுகோ வாங்கிய அன்று இருந்ததுபோல் சுத்தமாக இருந்தது.

சிமெண்ட் பால் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிக் கெட்டிப்படுவதால்தான் பிடிப்பு உண்டாகிறது. நுண்துளை அநேகமாக இல்லாத விட்ரிஃபைடு கல்லில் அது அச்சு எடுக்குமே தவிரப் பிடிக்காது. அடியில் உள்ள கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் சுருங்க, மேலே கல் வெப்பத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்க, நகர்வதற்கு இணைப்பிலும் இடமில்லை, சுவரோரத்திலும் இடமில்லை என்றால், சேர்ந்த அழுத்தம் முழுவதும் ஒட்டாத கல்லை மேலே தூக்கிவிடுகிறது. மறுபடி பதிக்கும்போது பழைய கலவையைச் சுரண்டி எடுத்து, டைல் அட்ஹெசிவ் என்ற ஒட்டுப்பசையைப் பல் வைத்த கரண்டியால் தரை முழுவதும் சீராக இழுத்து, 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து, சுவரோரத்தில் விட்ட இடைவெளியை சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைக்கும்படி செய்தோம். செலவு கூடியது உண்மைதான். ஆனால் அந்தப் பகுதியில் நாணயத்தால் தட்டினால் இன்றும் கெட்டியான சத்தமே கேட்கிறது. பழைய முறையில் கிடக்கும் படுக்கையறையில் ஏழெட்டுக் கற்கள் பொக்காக ஒலிக்கின்றன.

குளியலறையில் நேர்ந்த தவறு முழுக்க எங்களுடையது. போர்வெல் தண்ணீரின் உப்புக் கறை போக வாரந்தோறும் ஆசிட் ஊற்றித் தேய்த்தோம். கறை பளிச்சென்று போனது. அந்தக் கறையும் சுண்ணாம்புச் சேர்மம். கற்களுக்கு இடையில் அடைத்திருந்த ஒயிட் சிமெண்டும் பெரும்பாலும் சுண்ணாம்புச் சேர்மமே. ஆசிட் இரண்டையும் ஒன்றுபோலவே தின்றது. இரண்டே ஆண்டுகளில் இணைப்புகள் பள்ளமாகி, நீர் கசிந்து, குளியலறைக்குக் கீழே உள்ள அறையின் கூரையில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பியது. பழைய இணைப்பைச் சுரண்டிவிட்டு பிசின் வகை அடைப்புக் கலவையான எபாக்ஸி கிரவுட் நிரப்பினோம். எபாக்ஸி பூசுபவர் ஒவ்வொரு சதுரத்தையும் உடனுக்குடன் துடைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் கல்லின் மேல் படியும் மங்கலைப் பிறகு எடுப்பது பெரும்பாடு. இப்போது குளித்து முடித்தவர் ரப்பர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு வர வேண்டும் என்பது வீட்டு வழக்கம். ஐந்து அடிக்கு ஓர் அங்குலம் என்று வாட்டம் கொடுத்திருந்ததால் தண்ணீர் தேங்குவதில்லை. கறையும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

சமையலறைச் சுவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மஞ்சளும் எண்ணெயும் கல்லில் ஒட்டவில்லை. ஒயிட் சிமெண்ட் கோடுகளில் ஏறியது. அங்கும் எபாக்ஸியே வந்தது.

கட்டும்போது கூடத்துக்கு வாங்கியதில் இரண்டு பெட்டிகளைக் கூடுதலாக எடுத்து வைக்கச் சொன்னவர் அம்மா. பெட்டிக்கு நான்கு என எட்டுக் கற்கள். கூடத்தில் எழும்பியவற்றில் மூன்று உடைந்துபோயிருந்ததால் அவற்றுக்கு இவை உதவின. பிறகு அம்மிக்கல்லை நகர்த்தியபோது இரண்டு உடைந்தன. டைல்ஸ் ஆலைகள் நிறைந்த குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் டிசைன்கள் சில ஆண்டுகளில் மாறிவிடுகின்றன. எங்கள் டிசைன் எப்போதோ நின்றுவிட்டது. அதே பெயரில் கிடைத்தாலும் பெட்டியில் அச்சிட்ட, நிறச்சாயலைக் குறிக்கும் ஷேட் எண் வேறுபட்டால், சன்னல் வெளிச்சம் விழும் நேரத்தில் அந்தக் கல் தனியாகத் தெரியும். பரணில் மீதமிருக்கும் மூன்று கற்களையும் பழைய புடவையில் சுற்றி, ஷேட் எண் உள்ள அட்டைத் துண்டோடு கட்டி வைத்திருக்கிறோம்; படுக்கையறையில் பொக்காக ஒலிக்கும் ஏழெட்டுக்கு அவை போதாது.