எம்எஸ்எம்க்யூவும் எங்கள் 38 பில் கவுண்டர்களும்

ஈரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் மூன்று கிளைகளுக்கும் கம்ப்யூட்டர் பார்ப்பது என் வேலை. மொத்தம் 38 பில் கவுண்டர். போடுகிற ஒவ்வொரு பில்லும் கவுண்டரிலிருந்து பெரிய கடை சர்வருக்குப் போக, விண்டோஸோடு வரும் எம்எஸ்எம்க்யூவைத்தான் ஆறு வருடமாக நம்பியிருக்கிறோம். செய்திகளை க்யூவில், அதாவது வரிசையில், வைத்து ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் மென்பொருள் அது. 1997-இல் விண்டோஸ் என்டி 4.0 காலத்தில் வந்த பழைய சரக்கு. தனியாகக் காசு கிடையாது, விண்டோஸில் ஒரு டிக் போட்டால் வந்துவிடும்.

இதன் அருமை லைன் அறுந்தால்தான் தெரியும். ஒரு ஆடித் தள்ளுபடி சனிக்கிழமை, ரோட்டைத் தோண்டியவர்கள் எங்கள் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். காலை பதினொன்றிலிருந்து சாயங்காலம் வரை கிளைக் கடைக்கு இணைப்பே இல்லை. பில் போடுவது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எம்எஸ்எம்க்யூ தனியாக ஓடுவதால், பில்களைத் தன் டிஸ்க்கிலேயே எழுதி வைத்துக்கொண்டது. லைன் வந்ததும் கடகடவென்று எல்லாம் போய்ச் சேர்ந்தன. டிரான்ஸாக்‌ஷன் வகை க்யூ வைத்திருந்தோம். அது ஒவ்வொரு செய்தியையும் ஒரே முறை, வரிசைப்படி சேர்க்கும் வகை. அதனால் ஒரு பில்கூட இரண்டு முறை ஏறவில்லை, வரிசையும் மாறவில்லை. இதற்காகவே ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன்.

மீதி அரை போன கதை தீபாவளிக்கு முன்னால் நடந்தது. பழைய பெட்டிகளை மாற்றிப் புதிதாக 38 வாங்கினோம். ஒரே ஒரு பெட்டியில் விண்டோஸ், பில்லிங் மென்பொருள், பிரிண்டர் டிரைவர், எம்எஸ்எம்க்யூ எல்லாம் போட்டு, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் க்ளோன்ஸில்லாவில் இமேஜ் (முழு நகல்) எடுத்து மற்ற 37-க்கும் இறக்கினேன். க்ளோன்ஸில்லா இலவசம், தைவான்காரர்களின் உழைப்பு, அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் பெயரையும் ஐபியையும் மாற்றி, ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு சோதனை பில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் கணக்குப்பிள்ளை அண்ணன் போன் பண்ணினார்: “ஏன் தம்பி, இன்னைக்கு ஏழாம் கவுண்டர்ல மட்டும்தான் வியாபாரமா?”

மற்ற கவுண்டர்களில் வெளியே போகும் க்யூவில் பில்கள் குவிந்து கிடந்தன. பன்னிரண்டாம் கவுண்டரில் சர்வீஸை நிறுத்தித் துவக்கினால் அது ஓடும், ஏழு நின்றுவிடும். ஸ்விட்சைச் சந்தேகப்பட்டேன், கேபிளை மாற்றினேன், ஃபயர்வாலில் எம்எஸ்எம்க்யூ பேசும் 1801 போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு ராத்திரி போயிற்று.

விஷயம் இதுதான். எம்எஸ்எம்க்யூவை நிறுவும்போது அந்தக் கம்ப்யூட்டருக்கென்று க்யூஎம்ஐடி என்று ஒரு அடையாள எண்ணை உருவாக்கி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் வைத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் பெயரை மாற்றினாலும் அது மாறாது. எதிர்முனை, ‘இந்த எண் இந்த முகவரி’ என்று நினைவில் வைத்துத்தான் ‘செய்தி கிடைத்தது’ என்ற ஒப்புகையைத் திருப்பி அனுப்பும். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை மாதிரி. 38 வீட்டுக்கும் ஒரே கதவு எண் என்றால் அட்டை யாருக்குப் போகும்? கடைசியாகக் கதவைத் திறந்தவருக்கு. மற்றவர்கள் ‘ஒப்புகை வரவில்லையே’ என்று காத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்ததும் இதனால்தான்.

தப்பு என்னுடையது. 2009-இல் மைக்ரோசாஃப்டின் மார்க் ரஸ்ஸினோவிச், ஒரே எஸ்ஐடி (விண்டோஸ் கம்ப்யூட்டருக்குத் தரும் பாதுகாப்பு அடையாள எண்) பல கம்ப்யூட்டர்களில் இருப்பது பிரச்சினையே இல்லை என்று சொல்லி, அதை மாற்றுவதற்கான தன் நியூஎஸ்ஐடி கருவியையே விலக்கிக்கொண்டார். அதைப் படித்துவிட்டுப் பெயரை மாற்றினால் போதும் என்று இருந்துவிட்டேன். வேறு அடையாளங்கள் நகலானால் சில மென்பொருள்கள் குழம்பும், அதனால் நகலெடுக்கும் முன் அடையாளங்களைக் களையும் விண்டோஸ் கருவியான சிஸ்ப்ரெப் தேவைதான் என்றும் அவர் அங்கேயே எழுதியிருந்தார். எனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சரிசெய்வது சுலபம். தேங்கிய பில்களை முதலில் ஒவ்வொரு கவுண்டராக ஓடவிட்டு அனுப்பி முடித்தேன். பிறகு சர்வீஸை நிறுத்தி, ரெஜிஸ்ட்ரியில் மெஷின்கேஷ் என்ற இடத்தில் உள்ள க்யூஎம்ஐடியை அழித்து, அதற்கு ஒரு படி மேலே பாராமீட்டர்ஸில் சிஸ்ப்ரெப் என்ற பெயரில் ஒரு டிவேர்ட் (எண் மதிப்பு) போட்டு 1 கொடுத்து, சர்வீஸைத் துவக்கினால் புது எண் பிறந்துவிடும். கவுண்டருக்கு ஐந்து நிமிடம். எங்கள் கம்ப்யூட்டர்கள் வொர்க்குரூப்பில், அதாவது மையக் கட்டுப்பாடு இல்லாமல் தனித்தனியாக, இருப்பதால் இது போதும். டொமைனோடு (மையமாக நிர்வகிக்கும் வலையமைப்போடு) சேர்த்து நிறுவியவர்களுக்கு அந்த எண் ஆக்டிவ் டைரக்டரி என்ற மையப் பதிவேட்டிலும் இருக்கும். அவர்கள் எம்எஸ்எம்க்யூவை எடுத்துவிட்டு மறுபடி நிறுவுவதுதான் நல்லது.

இப்போது இமேஜில் எம்எஸ்எம்க்யூவே கிடையாது. இறக்கிப் பெயர் மாற்றிய பிறகு ஒரு ஸ்கிரிப்ட் விண்டோஸின் டிஸம் கட்டளையால் அதை நிறுவி, க்யூக்களையும் உருவாக்கிவிடும்.

வேறு குறைகள்? ஒரு செய்திக்கு 4 எம்பி வரம்பு. பில்லுக்கு அது ஏராளம். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திரையில் க்யூவைப் பார்ப்பது கண்ணுக்கு வேதனை. பெரிய குறை, மைக்ரோசாஃப்டின் புதிய நிரல் தளமான டாட்நெட் கோரில் இதைப் பயன்படுத்துவதற்கான சிஸ்டம் மெசேஜிங் நூலகம் வரவில்லை. புதிதாக எழுதத் தொடங்குபவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். எங்கள் புரோகிராமர் தம்பி, இதே வேலையைச் செய்யும் ரேபிட்எம்க்யூவுக்கு மாறலாம் என்கிறான். நடுவில் ஒரு சர்வரில் அதை வைத்தால் லைன் அறுந்த சனிக்கிழமை கவுண்டர்கள் என்ன செய்யும் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

இன்னொரு ஸ்கிரிப்ட் தினமும் ராத்திரி 38 க்யூஎம்ஐடியையும் எடுத்து, ஒரே எண் இரண்டு இடத்தில் இருந்தால் எனக்கு மெயில் அனுப்பும். போன மாதம் ஒரு மெயில் வந்தது. டிஸ்க் போன கவுண்டருக்கு உதவியாளர் பழைய இமேஜை இறக்கியிருக்கிறார்.