டர்பன்ல இருந்து காம்பர்க் டூர் போறவங்க கவனிங்க, நாங்க ஏமாந்துட்டோம்

தென்னாப்பிரிக்காவுல டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு டர்பன்ல ஒரு டூர்காரர் குடும்பத்துக்கே சேர்த்து முழுப்பணத்தையும் முன்னாடியே வாங்கிட்டார். அங்க இருக்குற காம்பர்க்ங்கிற இயற்கைக் காப்பகத்துல (ரிசர்வ்) ட்ரவுட் மீன் பிடிக்கலாம், மலையில நடக்கலாம், கேம் பாஸ் குகையில அந்தப் பகுதியோட பழங்குடிகளான சான் மக்கள் வரைஞ்ச பாறை ஓவியம் பாக்கலாம், பெர்மிட் கைடு எல்லாம் இதுலயே அடக்கம்னு வாட்ஸ்அப்ல சொன்னார்.

அங்க போனா எங்க பேர்ல எந்த புக்கிங்கும் இல்ல. கேம் பாஸுக்கு ரிசர்வ் கைடு இல்லாம விடவே மாட்டாங்க, ஏறி இறங்க கிட்டத்தட்ட மூணு மணி நேரம், கோடையில மதியத்துக்கு மேல இடி மழை வேற வரும், அதனால காலையிலயே கிளம்பணும், ஆனா எங்க வேன் போய்ச் சேர்ந்ததே மதியம். அப்பா மீன் பிடிக்கணும்னே வந்தவர், டூர்காரர் குடுத்த தூண்டில்ல மண்புழு மாட்டுற கொக்கி, அங்க ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி மாதிரி செஞ்ச செயற்கை இரையால பிடிக்கிறது) மட்டும்தான்னு கேட்லயே நிறுத்திட்டாங்க, பாவம் மனுஷன் வேன்லயே உக்காந்திருந்தார்.

இதைவிட மோசம் அடுத்தது. சமாளிக்கிறதுக்காக டூர்காரர் வெளிய ஓவியம் இருக்குற வேற ஒரு பாறைக்குக் கூட்டிட்டுப் போனார். விரல் நீளத்துக்கு ஒரு ஈலண்ட் மான், உடம்பு காவிச் சிவப்பு, கழுத்து வெள்ளை பாதி உதிர்ந்து போயிருக்கு. ஃபோட்டோல கலர் நல்லா வரும்னு சொல்லி பாட்டில் தண்ணிய அது மேல அடிக்கிறார்! நான் கத்தி நிறுத்தினேன். தண்ணி பட்டா கல்லுக்குள்ள இருக்குற உப்பு மேல வந்து வெள்ளையா படியும், நிறமும் உதிரும். அங்க பாறை ஓவியத்தைச் சேதப்படுத்துறது சட்டப்படி குற்றம், 2000ல யுனெஸ்கோ இந்த மலைய உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்ததுக்கு ஓவியங்களும் ஒரு காரணம்.

கேம் பாஸ் ஓவியத்துல கால் பின்னிச் சாகப்போற ஒரு ஈலண்ட், அதோட வாலைப் பிடிச்சுக்கிட்டு அதே மாதிரி கால் பின்னி நிக்கிற ஒரு மனுஷ உருவம், அதுக்கும் குளம்பு. இது வெறும் வேட்டைப் படம் இல்ல, சாமியாடிகளோட மயக்க நிலை அனுபவம்னு தொல்லியல் ஆய்வாளர் டேவிட் லூயிஸ் வில்லியம்ஸ் விளக்கினதுக்கு முக்கியமான ஆதாரம் இதுதான். அதைத்தான் பாக்காம திரும்பினோம்.

பணத்தைக் கேட்டா மழை வந்துச்சு, ரோடு சரியில்லைன்னு கதை சொல்றார், ஒரு ராண்ட் திரும்பி வரல. போறவங்க கைடையும் மீன்பிடி பெர்மிட்டையும் ரிசர்வ் ஆபிஸ்லயே நேரா புக் பண்ணுங்க, டூர்காரர் பண்ணிட்டேன்னு சொன்னா உங்க பேர்ல இருக்கான்னு ஆபிஸுக்கு போன் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் பணம் குடுங்க.