பெயின்ற் வாளியில் வெற்றிலை: மூன்று வருடத்துக்குப் பிறகு

அம்மம்மா வெற்றிலை போடுகிறவ. வீட்டுக்கு ஆள் வந்தால் வட்டா (வெற்றிலைத் தட்டு) நீட்டாமல் விடமாட்டா. 2022இல் சாமான் விலையெல்லாம் தாறுமாறாக ஏறின நேரம், ஒரு கூறு வெற்றிலைக்கும் யோசிக்க வேண்டி வந்தது. மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வளவு வெறும் மணல். ஊற்றின தண்ணீர் ஊற்றின இடத்தில் நிற்காது. அதனால்தான் வாளியில் வைக்க நினைத்தேன்.

முதல் வாங்கின கன்று வெற்றிலையே இல்லை. விற்றவர் வெற்றிலை என்றுதான் தந்தார். ஆறு மாதம் தண்ணீர் ஊற்றின பிறகு, அம்மம்மா ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மணந்து பார்த்துவிட்டு, "இது மிளகுக்கொடி மனே, உன்ன நல்லா ஏய்ச்சுப்போட்டானுகள்" என்றா. இரண்டும் ஒரே குடும்பம், இளங்கொடியில் ஏமாறுவது லேசு. மிளகிலை தடிப்பு, கரும்பச்சை. கசக்கினால் வெற்றிலை மணம் வராது. கன்று வாங்குகிறவர்கள் கடையிலேயே ஓர் இலையைக் கசக்கிப் பாருங்கள். மிளகு இப்போது மதிலோரம் தன்பாட்டுக்கு நிற்கிறது.

மறுகா, ஆரையம்பதியில் பெரியம்மா வீட்டுக் கொடியில் நுனிப்பக்கமாக நாலு கணு வைத்து வெட்டி வந்தேன். கணுவில் வேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த துண்டுதான் பிடித்தது. பக்கக்கிளையில் வெட்டினது பத்து நாள் பச்சையாக நின்று நம்பவைத்துவிட்டுக் கறுத்துப்போனது.

வாளி 20 லீற்றர். அடியில் எட்டுத் துளை, பக்கத்தில் நாலு. உடைந்த ஓட்டுத்துண்டு போட்டு, மேலே மண்ணும் மக்கின மாட்டெருவும் தும்புத்தூளும் (தேங்காய் நார்த்தூள்). தும்புத்தூளை இரண்டு மூன்று தரம் ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் போட வேண்டும். அந்தச் செந்தண்ணீர் இளவேருக்கு ஆகாது. நடுவில் ஓர் எஸ்லோன் (பிவிசி) பைப். வெறும் பைப்பில் கொடி வழுக்கி வழுக்கி விழுந்தது. தும்புக்கயிற்றை இடைவெளியில்லாமல் சுற்றி நனைத்துவிட்டேன். ஒரு கிழமையில் வேர் கயிற்றுக்குள் நுழைந்து பிடித்துக்கொண்டது. பிடித்து ஏறுகிற தண்டில் இலை உள்ளங்கை அளவுக்கு வந்தது. பிடி இல்லாமல் தொங்கின தண்டில் மூன்று விரல் அகலம் தாண்டவில்லை.

என்னைப் படாதபாடு படுத்தினது கச்சான். வறுத்துத் தின்கிற கச்சான் இல்லை, மே தொடக்கம் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து அடிக்கிற காய்ந்த காற்று. காலையில் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றினாலும் மத்தியானத்தில் இலை ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். வெயில்தான் காரணமென்று நிழல்வலை கட்டினேன், கிடுகு சாத்தினேன். ஒரு பிரயோசனமும் இல்லை. கடைசியில் வாளியை இழுத்து, குசினிச் சுவருக்குக் கிழக்கே, குளிக்கிற கிணற்றடியில் வைத்தேன். அங்கே காற்றும் படாது, ஈரமும் எப்போதும் இருக்கும். இரண்டு கிழமையில் புதுத்துளிர் வந்தது. கிணற்றடிக்குப் போனாலும் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்கவில்லை. எங்கள் கிணறு கொஞ்சம் உவர். முன்னம் அதை ஊற்றினபோது வாளி மண்ணில் வெள்ளையாகப் பூத்து இலை நுனி கருகினது. குழாய்த் தண்ணீரை முதல்நாள் இரவே பிடித்து வைத்து ஊற்றுகிறேன்.

மாரியில் பிரச்சினை தலைகீழ். 2023 மாரியில் வாளிக்கு அடியில் ஒரு தட்டு வைத்திருந்தேன், சீமெந்துத் தரை அழுக்காகக் கூடாதென்று. தட்டில் தண்ணீர் நின்று, மண் மட்டத்தில் தண்டு கறுத்து, தொட்டால் கொழகொழவென்று கழன்றது. மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடினால் அது அடியழுகல், தண்ணீர் போதாததால் இல்லை. நான் அது தெரியாமல் இன்னும் ஊற்றினேன்! மேலே நல்லாயிருந்த துண்டை வெட்டிப் புதுமண்ணில் வைத்துத்தான் காப்பாற்றினேன். 2024 நவம்பர் வெள்ளத்துக்கு முன்னமே வாளியை நாலு சீமெந்துக் கல்லில் ஏற்றித் தாழ்வாரத்துக்குள் தள்ளிவிட்டேன். தரையில் நட்டிருந்த மச்சாளின் கொடி அந்த வெள்ளத்தோடு முடிந்தது. தூக்கி வைக்க முடிகிறதே, வாளியால் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான்.

போன வருடம் கொடி பைப்பின் உச்சியைத் தொட்டு, அடித்தண்டு மொட்டையாக நின்றது. வெற்றிலைத் தோட்டம் வைக்கிற கொடிக்கால்காரர் செய்கிற மாதிரி இறக்கிவிட்டேன்: கயிற்றிலிருந்து மெல்லக் கழற்றி, மொட்டைத் தண்டை வாளிக்குள் வட்டமாகச் சுருட்டி, எருமண்ணால் மூடி, நுனியை மட்டும் திரும்பக் கட்டினேன். வேர் கயிற்றோடு பிய்கிற சத்தம் கேட்க மனது கேட்கவில்லை. ஆனால் புதைத்த கணுவிலெல்லாம் வேர்விட்டு, முன்னையை விடச் செழிப்பாக ஏறுகிறது.

மாரி முடிந்த மாதங்களில் கிழமைக்குப் பதினைந்து இலை வரை கிள்ளலாம், கச்சானில் ஐந்தோ ஆறோ. வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் வட்டாவுக்கும் காணும். நாள்தோறும் போடுகிறவருக்கு ஒரு வாளி காணாது, காசு மிச்சமாகும் என்று தொடங்காதீர்கள். அம்மம்மாவோ இன்னும் கடை வெற்றிலைதான் வாங்கச் சொல்கிறா. "உன்ட இலை பார்க்க வடிவுதான் மனே, ஆனா காரம் காணா."