கன்னியாகுமரியில் ரூம் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்

அரையாண்டு விடுமுறைக்குக் கன்னியாகுமரி போகலாம் என்று முதலில் சொன்னது அம்மாதான். கண்ணாடிப் பாலத்தை டிவியில் பார்த்ததிலிருந்து அதில் ஒரு தடவை நடந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. நண்பன் குடும்பமும் சேர்ந்துகொள்ள, மொத்தம் 9 பேர், 3 ரூம், 2 நாள். ரயில் டிக்கெட்டை அக்டோபர் கடைசியிலேயே எடுத்தாயிற்று. ரூம் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். அதன் லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

சித்தப்பா இரண்டு வருஷம் முன்பு தங்கிய லாட்ஜ் அது. நல்ல இடம், கடல் பக்கம், நம்பிப் போகலாம் என்றார். அதனால் சந்தேகமே வரவில்லை. கூகுள் மேப்பில் பெயரைத் தட்டினேன், லாட்ஜ் வந்தது, போட்டோக்கள் வந்தன, போன் பட்டனும் இருந்தது, அமுக்கினேன். எடுத்தவர் நன்றாகத் தமிழ் பேசினார். ஐயப்ப சீசன் சார், ரூம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு ரூம் 2,400, பாதிப் பணம் அனுப்பினால் பிளாக் பண்ணி வைக்கிறேன் என்றார். டிசம்பரில் சபரிமலைக்குப் போய்விட்டு வருகிற கூட்டம் குமரியில் எப்படி மொய்க்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது பொய்யாகவே தோன்றாது. 14,400-இல் பாதி, 7,200. வாட்ஸ்அப்பில் கியூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்தால் யாரோ ஒரு தனி ஆளின் பெயர்.

கேட்டேன், கேட்காமல் இல்லை. "எங்க அக்கவுன்டன்ட் பேரு சார், ஓனர் அக்கவுன்ட் லிமிட் முடிஞ்சிடுச்சு" என்றார். லிமிட் முடிவது நமக்கும் நடக்கிற விஷயம்தானே, சரி என்று அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் லாட்ஜ் பெயர், படம், ஜிஎஸ்டி எண் எல்லாம் போட்டு ஒரு பிடிஎஃப் வந்தது. நிஜ லாட்ஜ்காரர்கள்கூட அவ்வளவு அழகாக அனுப்ப மாட்டார்கள்.

இன்னொன்றையும் அப்போதே பிடித்திருக்க வேண்டும். பால்கனியிலிருந்து உதயம் தெரியுமா, அஸ்தமனம் தெரியுமா என்று கேட்டேன். "ரெண்டுமே ஒரே பால்கனியில தெரியும் சார்" என்றார். டிசம்பரில் குமரியில் சூரியன் கடலில் உதித்துக் கடலிலேயே மறையும், அது வாஸ்தவம்தான். ஆனால் இந்த லாட்ஜ் கிழக்கே பார்த்தது. அஸ்தமனம் வேண்டுமென்றால் நடந்து மேற்குப் பக்கம்தான் போக வேண்டும். அந்த ஊரில் ஒரு வாரம் டீ ஆற்றியவர்கூட இப்படிச் சொல்ல மாட்டார். எனக்கு அப்போது உறைக்கவில்லை, ஒரே பால்கனியில் இரண்டும் என்றதும் வீட்டில் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

25-ஆம் தேதி சாயங்காலம் தாம்பரத்தில் ஏறினோம். செங்கல்பட்டு தாண்டி, பிள்ளைகள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மறுபடி அதே நம்பர். சீசன் என்பதால் டெபாசிட் 5,000 கட்டினால்தான் சிஸ்டத்தில் செக்-இன் ஓப்பன் ஆகும், ரூம் காலி செய்யும்போது திருப்பித் தந்துவிடுவோம், இல்லையென்றால் வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது, கூட வயதானவர்கள், போய் இறங்கினால் ரூம் இல்லை என்றால் என்ன செய்வது? அனுப்பினேன். அவர்கள் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன். வண்டி ஏறிய மனிதனுக்கு வேறு வழி இருக்காது.

காலையில் இறங்கி இரண்டு ஆட்டோவில் லாட்ஜுக்குப் போனோம். ரிசப்ஷனில் இருந்த பெரியவர் என் போனை வாங்கிப் பிடிஎஃபைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் கவுன்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். போனில் புக்கிங் எடுப்பதில்லை, கியூஆர் கோடு அனுப்புவதில்லை, ஏமாற வேண்டாம் என்று பெரிய எழுத்தில் தமிழிலும் இந்தியிலும் எழுதியிருந்தது. ஏமாந்து வந்து நிற்பவர்கள் மட்டுமே படிக்க முடிகிற இடத்தில் ஓர் எச்சரிக்கை! அவரைக் குறை சொல்லவில்லை. மேப்பில் நம்பரை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் திருத்தம் கொடுக்கலாமாம், இவர்கள் சரிசெய்தால் சில நாளில் மறுபடி மாறிவிடுகிறதாம். "இந்த மாசத்துல நீங்க ஏழாவது குடும்பம் தம்பி" என்றார். ரூம் கொடுக்க அவரிடமும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் உள்ளே பாத்ரூம் போக விட்டார், எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார்.

இவ்வளவு செலவழித்துப் போனது உதயம் பார்க்க. அது ஆறரை மணி வாக்கில் நடந்தது. நாங்கள் லாட்ஜ் வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம், வெளியே கூட்டம் கத்தியது கேட்டது.

நண்பன் மனைவிதான் முதலில் சுதாரித்தார். "அண்ணா, அழுதுட்டு இருக்காம 1930-க்குப் போன் பண்ணுங்க" என்றார். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது, நீங்களும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் காத்திருந்தபின் லைன் கிடைத்தது. எந்த வங்கி, எத்தனை மணிக்கு அனுப்பியது, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்டார்கள். ஜிபேயில் அந்தப் பணம் அனுப்பிய பக்கத்தைத் திறந்தால் இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், சாட்டை அழிக்காதீர்கள். பத்து நாளுக்கு முன்பு போன 7,200 அடுத்தடுத்த அக்கவுன்டுகளுக்குத் தாவிப் பணமாக எடுக்கப்பட்டுவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் போன 5,000-இல் 1,850 மட்டும் ஏதோ ஓர் அக்கவுன்டில் முடக்கப்பட்டிருக்கிறது, அதுவும் இன்னும் கைக்கு வரவில்லை. ரயிலிலேயே சந்தேகப்பட்டு உடனே கூப்பிட்டிருந்தால் முழு ஐயாயிரமும் நின்றிருக்கலாம் என்று நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

ரூம் தேடிய கதை தனி. ஆட்டோக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போன இடத்தில் 3 ரூம், ஒவ்வொன்றும் 3,800. அவருக்குக் கமிஷன் உண்டு என்று தெரிந்தேதான் போனோம், வேறு எங்கே போவது? ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடச் சுவர், அதில் காய்கிற யாரோ ஒருவருடைய கறுப்பு வேட்டி. வெந்நீர் ஆறிலிருந்து எட்டு வரை பக்கெட்டில். மொட்டைமாடியிலிருந்து கடல் தெரியும் என்றார்கள், தெரிந்தது, தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்.

சரி, ஊர் என்ன பாவம் செய்தது. மறுநாள் பூம்புகார் கப்பல் கழகப் படகுக்கு வெயிலில் வரிசையில் நின்று, விவேகானந்தர் பாறைக்குப் போய், அங்கிருந்து வள்ளுவர் சிலைக்குக் கண்ணாடிப் பாலத்தில் அம்மா நடந்தார். 77 மீட்டர்தான். முட்டி வலியோடு, காலுக்குக் கீழே அலை அடிப்பதைப் பார்த்துப் பார்த்து, அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். சாயங்காலம் ரசவடையும் பழ பஜ்ஜியும் ஆனபின் நான் செய்த காரியத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இப்போது விசாரிக்கத் தொடங்கினால் ராமேஸ்வரம், புதுச்சேரி, திருச்செந்தூர் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கும் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலிலேயே யாத்திரிகர்களையும் சுற்றுலா போகிறவர்களையும் குறிவைக்கும் இந்த மாதிரி போலி புக்கிங் பற்றி எச்சரித்திருக்கிறது. அரசு விடுதி, கோவில் விடுதி, ஆசிரமம் என்று பெயர் இருந்தால் நம்பிவிடாதீர்கள், நாம் அதிகம் நம்புகிற பெயரைத்தான் அவர்களும் எடுப்பார்கள்.

பொங்கலுக்கு, குடியரசு தின லீவுக்கு ரூம் போடுகிறவர்கள் மேப்பில் வரும் செல் நம்பரை அப்படியே அமுக்காதீர்கள். லாட்ஜின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண், புக்கிங் ஆப்பில் இருக்கும் எண், மேப் எண் மூன்றையும் ஒப்பிடுங்கள். குமரி பக்கம் என்றால் 04652-இல் தொடங்கும் லேண்ட்லைன் கேளுங்கள், இருந்தால் அதற்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். ரிசப்ஷனிலிருந்து இப்போதே வீடியோ காலில் வாருங்கள் என்று சொல்லிப் பாருங்கள், நிஜ ஆள் சலித்துக்கொண்டாவது வருவார். பணம் அனுப்பும்போது தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அக்கவுன்டன்ட், மச்சான், லிமிட் என்று சொல்லும் எந்தச் சாக்கையும் நம்பாதீர்கள். ஒரு ரூபாய்கூட முன்பணம் இல்லாமல், போய் இறங்கியபின் கொடுக்கலாம் என்கிற ரூம்கள் புக்கிங் ஆப்களில் கிடைக்கின்றன, விலை இருநூறு முந்நூறு கூட இருந்தாலும் பரவாயில்லை.

போன வாரம் நண்பன் போனிலிருந்து அதே நம்பருக்கு அடித்துப் பார்த்தோம். இரண்டாவது ரிங்கில் எடுத்தார், அதே குரல். பொங்கலுக்கு ரூம் இருக்கிறதா என்று கேட்டோம். "இருக்கு சார், ரெண்டே ரெண்டுதான் மிச்சம். பால்கனியில நின்னா உதயம், அஸ்தமனம் ரெண்டும் தெரியும்" என்றார்.